சம்பளம் கூட்டியும் ஆள் தங்கவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி இது. கேட்பவர் திருநெல்வேலி பாளையங்கோட்டையில் இனிப்பு, காரம் போடும் பட்டறை நடத்தும் முதலாளி. ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் கடைகள். மொத்தம் 38 பேர் வேலை செய்கிறார்கள். போன வருஷம் 17 பேர் விலகிப் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைகளைவிட மாதம் ஆயிரம் ரூபாய் கூடத்தான் சம்பளம். ‘முதலாளிக்கும் தொழிலாளிக்கும் விழுமியங்கள் ஒத்துப்போனால் ஆளும் தங்கும், உற்பத்தியும் பெருகும்’ என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். அது உண்மையா, உண்மையென்றால் கடையில் எப்படிச் செய்வது என்று கேட்கிறார். ஆறு வருஷமாக இருக்கும் ஸ்வீட் மாஸ்டர் தைப்பொங்கலோடு போகிறேன் என்கிறார், சம்பளம் ஏற்றி நிறுத்தி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வகுப்பில் சொன்னதில் முதல் பாதி சரி. ஆள் தங்கும். இரண்டாம் பாதியை அப்படியே நம்பிப் பணம் போடாதீர்கள்.

விழுமியம் என்பது புத்தகச் சொல். கடையில் அதற்கு அர்த்தம், ‘ரெண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்கிற நேரத்தில் இங்கே எதற்கு முதலிடம்’ என்பதுதான். நெய் விலை ஏறினால் ருசியா, லாபமா? தங்கச்சி மகளுக்குச் சடங்கு, அன்றைக்கே பெரிய ஆர்டர் என்றால் எது? இந்தக் கேள்விகளுக்கு முதலாளி சொல்லும் பதிலும் தொழிலாளி மனதில் உள்ள பதிலும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுதான் ஒத்துப்போதல். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய வாசகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

இதை முறையாக அளந்திருக்கிறார்கள். 1991-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஓ’ரைலி, ஜெனிஃபர் சாட்மன், டேவிட் கால்ட்வெல் மூவரும் 54 விழுமிய வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி, நிறுவனத்தை நன்கறிந்தவர்களிடம் ‘இங்கே எது முக்கியம்’ என்றும், வேலைக்கு வந்தவர்களிடம் ‘உமக்கு எது முக்கியம்’ என்றும் வரிசைப்படுத்தச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனவர்களுக்கு வேலையில் திருப்தியும் நிறுவனத்தின்மேல் பிடிப்பும் அதிகம். அவர்கள் விலகுவதும் குறைவு. 2005-ல் எமி கிறிஸ்டாஃப்-பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1, எதிர்த்திசையில் என்றால் மைனஸ். ஆளுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருத்தத்தோடு வேலைத் திருப்திக்கு இருந்த தொடர்பு 0.44, நிறுவனப் பிடிப்புக்கு 0.51, ‘விட்டுப் போகலாம்’ என்ற எண்ணத்துக்கு மைனஸ் 0.35. வேலைத்திறனோடு? வெறும் 0.07. அந்த எண்ணை வர்க்கப்படுத்தினால், திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அரை சதவீதத்தைக்கூட இந்தப் பொருத்தம் விளக்காது. கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த 0.07 பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பட்டறையில் நின்று யோசித்தால் இயல்பானதுதான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ லட்டு பிடிக்கலாம் என்பதை அடுப்பும், பூந்திக் கரண்டியின் கண்ணும், பாகின் பதமும், கையின் பழக்கமும் தீர்மானிக்கின்றன. கம்பிப் பதம் தெரியாதவர் முதலாளியோடு எவ்வளவு மனமொத்தவராக இருந்தாலும் பாகு முறியத்தான் செய்யும். வேகம் வேண்டுமென்றால் பயிற்சி கொடுங்கள், நல்ல கருவி வாங்குங்கள், வேலையைச் சரியாகப் பிரியுங்கள். அதற்கு விழுமிய வகுப்பு மருந்தாகாது.

ஒத்துப்போதல் வேலை செய்யும் இடம் வேறு. ஜெஃப்ரி எட்வர்ட்ஸும் டேனியல் கேபிளும் 2009-ல், விழுமியம் ஒத்தால் ஏன் நல்ல விளைவு வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் காரணம் நம்பிக்கை. அடுத்தது தகவல் தாராளமாகப் போய்வருவது. ஒருவரையொருவர் பிடித்துப்போவது அதற்கும் பின்னால்தான். ஆகவே ‘எல்லாரும் ஒற்றுமையாக, சிரித்துப் பேசி இருக்கிறார்கள்’ என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் உங்கள் காதுக்கு வருகிறது என்று பாருங்கள்.

உங்கள் தொழிலிலேயே காட்டுகிறேன். முறுக்கும் சேவும் பொரிக்கும் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும்: நிறம் கறுக்கும், நுரை அடங்காமல் ஓரம் கட்டும், குறைந்த சூட்டிலேயே புகையும், கரண்டியில் பிசுக்கு ஒட்டும். இதை முதலில் பார்ப்பது நீங்கள் இல்லை, அடுப்பு முன்னால் வேர்த்து நிற்பவர். அவர் ‘அண்ணாச்சி, எண்ணெய் போயிட்டு, மாத்தணும்’ என்று சொல்கிறாரா, புது எண்ணெயை மேலே ஊற்றிச் சரிக்கட்டுகிறாரா என்பதுதான் விளைவு. போன தடவை அவர் சொன்னபோது ‘இன்னும் ஒரு ஈடு ஓட்டு’ என்று பதில் வந்திருந்தால், இந்தத் தடவை சொல்லமாட்டார். அந்த ஒரு பதிலில் இந்தக் கடையில் எதற்கு முதலிடம் என்று அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அதன்பின் எத்தனை வகுப்பு நடத்தினாலும் அதை அழிக்க நாளாகும். எண்ணெயை மாற்றும் அதிகாரத்தை அடுப்பில் நிற்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். யாரையும் கேட்க வேண்டாம், எடுத்த அளவையும் தேதியையும் நோட்டில் எழுதினால் போதும். கழித்த எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிப்பவர்களிடம் விற்றுவிடலாம்.

அல்வாவிலும் இதேதான். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, தெளியவைத்து, மேல்தண்ணீரை வடித்து, சர்க்கரை சேர்த்துக் கிண்டி, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் இந்த வேலையில் பாதிக்கு மேல் யாரும் பார்க்காத இடத்தில் நடக்கிறது. பால் சரியாகத் தெளியாமல் அவசரத்தில் அடுப்பேற்றினால் ஒரு புளிப்பு வாடை நிற்கும். தீ கூடினால் அடி பிடிக்கும். நெய்யைக் குறைத்தால் சில நாளில் இறுகிப்போகும். ‘எங்கள் கடையில் சுத்த நெய்’ என்று பலகை வைத்துவிட்டு, நெய் விலை ஏறிய மாதத்தில் ‘கொஞ்சம் வனஸ்பதி சேர்த்துக்கோ, யாருக்குத் தெரியும்’ என்று மாஸ்டரிடம் மட்டும் சொன்னால், ‘யாருக்குத் தெரியும்’ என்பதுதான் இந்தக் கடையின் சட்டம் என்று அவர் எடுத்துக்கொள்வார். பிறகு தூக்குவாளியில் நெய் வீட்டுக்குப் போனால், அதே சட்டத்தைத்தான் அவரும் கடைப்பிடிக்கிறார்.

விற்பனை மேடையில் இதே சோதனை தேதிச் சீட்டில் வரும். உதிரியாக விற்கும் இனிப்புத் தட்டுகளிலும் ‘இந்தத் தேதிக்குள் உண்பது நல்லது’ என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். நேற்றைய பால் இனிப்பு நாலு கிலோ மிஞ்சிக் கிடக்கிறது. சீட்டை மாற்றிவைக்கச் சொல்லி ஒரு பெண்ணிடம் சூப்பர்வைசர் சொல்கிறார். மேடையில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் இதே ஊர்க்காரர்கள். வாங்க வருவது அவர்கள் தெருக்காரர், டீச்சர், கோயிலில் பார்க்கும் முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லச் சொல்கிறோம். சம்பளம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் சிலர் உண்மையில் இதற்காகப் போயிருப்பார்கள். இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மிச்சச் சம்பளம் வாங்குவது சிரமம் என்ற பயம் இருக்கும். தீர்வு கணக்கில் இருக்கிறது: மிஞ்சியதைக் கழிக்க மாதத்துக்கு ஒரு தொகையை முன்னதாகவே ஒதுக்குங்கள். கழித்த கிலோவுக்காகச் சூப்பர்வைசரைத் திட்டாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே சரக்கு மிஞ்சினால் போடும் அளவைக் குறையுங்கள். கழிவுக்குத் திட்டு விழும் கடையில் தேதிச் சீட்டு நிச்சயம் மாறும்.

இனி, திருநெல்வேலிச் சீமையில் ஆள் போவதற்கு ஒரு பெரிய காரணமான விடுப்புக்கு வருவோம். முதலாளிகள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள்.

பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகும். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள்கூட வந்து சேர்வார்கள். சித்திரையிலும் ஆடியிலும் ஊர்க்கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில். கொடைக்கு வரி கொடுத்துவிட்டு ஆள் போகாமல் இருந்தால் ஊரில் கேட்பார்கள். அந்தப் பேச்சு தொழிலாளிக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. உங்களுக்கோ ஆனித் தேரும், தீபாவளியும், ரம்ஜானும், கிறிஸ்துமஸும் வியாபாரம் கொட்டும் நாட்கள். கடைக்கு முக்கியமான நாளும் ஆளுக்கு முக்கியமான நாளும் மோதுகின்றன. ‘லீவு கேட்டேன், தரலை, நின்னுட்டேன்’ என்று முடியும் கதைகளில் பெரும்பாலும் தவறு அந்த நாளில் நடந்ததில்லை; மூன்று மாதத்துக்கு முன்பே பேசாமல் விட்டதில் நடந்தது.

விடுப்பு இந்த மண்ணில் பழைய வழக்கு. 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், கூலி உயர்வோடு வார விடுமுறையும் மற்ற விடுப்புகளும் கோரிக்கையாக இருந்தன. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. நூற்றுப்பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பட்டறைகளில் அதே வாக்குவாதம் நடக்கிறது.

செய்ய வேண்டியது இப்படி. தை பிறந்ததும் ஒரு பெரிய நாட்காட்டியைப் பட்டறையில் மாட்டுங்கள். ஒவ்வொருவரும் அந்த வருஷத்தில் தங்களால் விடவே முடியாத இரண்டு நாட்களைத் தாங்களே எழுதட்டும். கீழே சொல்லும் வரம்புகளுக்குள் வந்தால் அந்த இரண்டும் உறுதி. எந்த ஆர்டர் வந்தாலும் மாறாது. அடுப்படியில் 12 பேர் என்றால் ஒரே நாளில் 4 பேருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வையுங்கள். மோதினால் யார் விட்டுக்கொடுப்பது என்று அவர்களே பேசி முடிக்கட்டும். விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த வருஷம் முதல் உரிமை. பங்குனி உத்திரம் போல எல்லாரும் கேட்கும் நாளில் பட்டறையை ஒரு நாள் மூடுவதே லாபம். இரண்டு நாள் முன்பே முறுக்கு, மிக்சர், சேவு, அல்வா எனத் தாங்கும் சரக்கைப் போட்டு வைத்துவிட்டு, அன்றைக்குப் பால் இனிப்பை நிறுத்திவிடலாம். அன்று கடையில் நிற்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு கிறிஸ்துமஸோ ரம்ஜானோ வேறு நாளோ மாற்று விடுப்பு. ஆனால் பெயரைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் யாருக்கும் விடுப்பில்லை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதையும் அதே தையிலேயே சொல்லி எழுதிப் போடுங்கள். முன்கூட்டித் தெரிந்த கண்டிப்பை ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது பேச்சு. நாற்பது வயது மாஸ்டரை, அவர் உதவியாளர்கள் எதிரில், முதலாளியின் இருபத்திரண்டு வயது மகன் ‘ஏல’ என்று கூப்பிடுவது. நம் பக்கம் ‘ஏல’ அன்பாகவும் வரும், அடிக்கவும் வரும். வயதும் இடமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. வேலை நேரத்தில் எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்பது, அல்லது பெயரோடு அண்ணாச்சி, அக்கா, தம்பி என்பது என்று ஒரே விதி வையுங்கள். விதி முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்கு. உட்கார நாற்காலியும் இதே கணக்கில்தான் வரும்: 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாயிற்று. நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரைக் கேமராவில் பார்த்து போன் பண்ணினால் போடாததே மேல்.

சம்பளத் தேதி, வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 38 பேர் இருக்கும் இடத்தில் இவை கருணையில் சேராது, கடமை. வைப்புநிதிக்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75, போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். சம்பளம் மாதம் 7-ம் தேதிக்குள். இதில் ஒன்று குறைந்தாலும் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற பேச்சை எடுக்காதீர்கள். அது நம்பிக்கையை வளர்க்காது, கரைக்கும்.

சரி, எங்கே இடைவெளி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 54 சீட்டு உங்களுக்கு வேண்டாம், 12 போதும். ருசி மாறாதது, சுத்தம், வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்வது, நேரத்துக்குச் சரக்கு முடிப்பது, செலவைக் குறைப்பது, மரியாதையான பேச்சு, தவறை உடனே சொல்வது, வீட்டு, கோயில் காரியத்துக்கு விடுப்பு, சொன்ன நாளில் சம்பளம், புது வேலை கற்றுக்கொள்வது, எல்லாருக்கும் ஒரே சட்டம், வேலை நிச்சயம். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனியாக மூன்று சீட்டை ‘மிக முக்கியம்’ என்றும், மூன்றைக் ‘கடைசி’ என்றும் பிரிக்க வேண்டும். மீதி ஆறு நடுவில். முக்கியத்துக்கு 3, நடுவுக்கு 2, கடைசிக்கு 1 மதிப்பெண். ‘எல்லாமே முக்கியம்’ என்று தப்பிக்க வழியில்லாமல் இருப்பதுதான் இந்த முறையின் பலம்.

முதலாளி இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். முதலில், கடை எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பது. இரண்டாவது, போன மாதம் யாரைப் பாராட்டினார், யாரைத் திட்டினார் என்று நினைவுபடுத்திக்கொண்டு, கடை உண்மையில் எதற்கு முதலிடம் தருகிறது என்பது. தொழிலாளர்களின் சீட்டை முதலாளியோ, மகனோ, சூப்பர்வைசரோ வாங்கக் கூடாது. கணக்கு எழுத வரும் ஆள் போல வெளியிலிருந்து ஒருவர் வாங்கட்டும். பெயர் வேண்டாம். எழுத்துக் கூட்டச் சிரமப்படுபவர்களுக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு பாதிக் கணக்கு. ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாகப் பார்க்காதீர்கள். யார் சொன்னது என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் தொழிலாளர்களின் சராசரியை எடுத்து, முதலாளியின் இரண்டாவது வரிசையோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, விடுப்புச் சீட்டுக்குத் தொழிலாளர் சராசரி 2.7, கடையின் நடப்பு 1 என்றால் இடைவெளி 1.7. ஒன்றைத் தாண்டிய இடைவெளி எதுவானாலும் அங்கே ஆள் கசிகிறது என்று பொருள். முதலாளியின் முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் இடையிலேயே பெரிய இடைவெளி இருந்தால், தொழிலாளியைத் திருத்துவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். பல கடைகளில் இதுதான் உண்மை நோய்: முதலாளியும் தொழிலாளியும் விரும்புவது ஒன்றேதான், கடை நடப்பது வேறு மாதிரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கில் வரும் பொருத்தத்தைவிட, ‘இந்தக் கடை நம்மைப் போல யோசிக்கிறது’ என்று ஆள் உணர்வதுதான் அவர் தங்குவதோடு நெருங்கிய தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் முடிவை மறைக்காமல், இரண்டு வாரத்துக்குள் எல்லார் முன்னும் வாசித்து, எதை மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லிவிடுங்கள். சீட்டு வாங்கிவிட்டு மௌனமாக இருந்தால் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகும்.

இந்தச் சீட்டை வைத்து ஆளைக் கழிக்கவோ, புது ஆளை எடுக்கவோ வேண்டாம். திறனோடு இதற்குத் தொடர்பு அவ்வளவு குறைவு என்று மேலே சொன்னேன்.

ஆள் எடுப்பதில்தான் இந்த விஷயம் நம் மாவட்டத்தில் திசைமாறிப் போகிறது. ‘நமக்கு ஒத்துப்போகிற ஆள் வேண்டும்’ என்று ஆரம்பித்து, ‘நம்ம ஊர்க்காரன், நம்ம சனம்’ என்று முடிக்கிறார்கள். எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன என்ற மூன்று கேள்விக்கும் இங்கே ஒரே நோக்கம்தான் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்ப்பதும் அதுவே. ஒரே சாதியில் பிறந்த இருவரில் ஒருவர் எண்ணெயை மாற்றுவார், ஒருவர் மாற்றமாட்டார். பிறப்பில் அது எழுதியிருக்கவில்லை. இது அநீதி என்பதோடு, பட்டறைக்கும் நேரடிக் கேடு. சொந்தக்காரர் தவறைச் சொந்தக்காரர் மறைப்பார். மற்றவர்கள் ‘சொன்னால் நமக்குத்தான் வினை’ என்று வாயை மூடிக்கொள்வார்கள். ‘எல்லாருக்கும் ஒரே சட்டம்’ என்ற சீட்டுக்குக் கடையின் மதிப்பெண் சரியும். மேலே சொன்ன நம்பிக்கையும் தகவலும் இரண்டும் ஒரே அடியில் போய்விடும். பெஞ்சமின் ஷ்னைடர் 1987-லேயே இன்னொரு ஆபத்தைச் சொன்னார்: ஒரே மாதிரி ஆட்களையே இடம் ஈர்க்கும், எடுக்கும், மாறுபட்டவர்கள் கழன்று போவார்கள், நாளடைவில் இடம் குறுகி, வெளியே காலம் மாறுவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகும்.

அந்த மூன்று கேள்விகளையும் நேர்காணலிலிருந்து எடுத்துவிடுங்கள். முகவரி, ஆதார் எல்லாம் எடுத்துக்கொள்வது என்று முடிவான பிறகு அலுவலகத்தில் எழுதிக்கொள்ளட்டும். நேர்காணலில் நடந்ததைக் கேளுங்கள்: ‘முன்பு இருந்த கடையில் சரக்கு கெட்டது தெரிந்து என்ன செய்தீர்கள்?’ ‘ஒரு தவறு உங்கள் கையால் நடந்தபோது யாரிடம், எப்போது சொன்னீர்கள்?’ ‘எந்த வேலையை எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் செய்யமாட்டீர்கள்?’ கடைசிக் கேள்விக்குப் பதிலே வராவிட்டால் கவனியுங்கள். பிறகு உங்கள் பக்கத்துக் கஷ்டங்களை ஒளிக்காமல் சொல்லுங்கள்: அடுப்புச் சூடு, அதிகாலை ஷிப்ட், தீபாவளி இரவுகள். மூன்று நாள் முழுச் சம்பளத்தோடு சோதனை வேலை கொடுங்கள். அவரும் உங்களைச் சோதிக்கிறார் என்று தெரிந்து கொடுங்கள்.

போன 17 பேரையும் ஒரு தாளில் எழுதிப் பிரியுங்கள். 38-க்கு 17 என்றால் 45 சதவீதம், ஆனால் அந்த ஒற்றை எண் எதையும் சொல்லாது. முதல் 90 நாளில் போனவர்கள் எத்தனை? அது கூடுதலாக இருந்தால் எடுக்கும்போது சொன்ன வார்த்தைக்கும் நடப்புக்கும் இடைவெளி. இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனவர்கள் கூடுதலாக இருந்தால் நம்பிக்கை எங்கோ உடைந்திருக்கிறது. அது சம்பளத்தால் ஒட்டாது. ஒரே சூப்பர்வைசரின் கீழிருந்து போனார்களா, ஒரே மாதத்தில் போனார்களா என்றும் பாருங்கள். இனி மாதாமாதம் நாலே எண்கள்: எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை கிலோ கழித்தோம், எத்தனை தவறுகள் தொழிலாளியே வந்து சொன்னவை, எத்தனை வாடிக்கையாளர் புகாராக வந்தவை. முதல் இரண்டு மூன்று மாதம் கழிவும், தாங்களாகச் சொன்ன தவறுகளும் ஏறும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். முன்பும் இருந்தவைதான், இப்போது வெளியே தெரிகின்றன. புகார் குறைகிறதா என்பதை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

மாஸ்டர் விஷயம். சம்பளம் ஏற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் அவரோடு தனியாக, கடைக்கு வெளியே உட்காருங்கள். ‘எவ்வளவு வேணும்’ என்று தொடங்காமல், ‘இந்தப் பட்டறையில் உங்களுக்குப் பொறுக்காதது எது’ என்று கேளுங்கள். நெய் அளவு, மகனின் பேச்சு, விடுப்பு, உதவியாளரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாதது என்று ஏதாவது வந்தால், உங்கள் கையால் மாற்றக்கூடியதை அங்கேயே நாள் குறித்து ஒப்புக்கொள்ளுங்கள். சம்பளம்தான் என்றால் சம்பளம் பேசுங்கள். அதிலும் தப்பில்லை, மகள் படிப்போ வீட்டுக் கடனோ இருக்கும். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடாதீர்கள். கடன் தீரும்வரை இருப்பவர் மனதால் ஏற்கெனவே போய்விட்டவர்.

அவர் சொந்தக் கடை போடப் போகிறார், அல்லது உங்கள் வழி அவருக்கு ஒத்துவராது என்று தெளிவாகச் சொன்னால், போகவிடுங்கள். ஆறு வருஷத்துக்குப் பணிக்கொடை உண்டு: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 15,000. ஆறு வருஷத்துக்கு 90,000. முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அவரைக் கடைசி நாளில் பட்டறைக்கே கூப்பிட்டு, மற்ற 37 பேர் இருக்கும்போதே கையில் கொடுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம், பாகுப் பதத்தையும் கோதுமைப்பால் தெளிவையும் இரண்டு உதவியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவரிடம் கேளுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குக் கற்பிக்கும் கூலியைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.